குசினிக் கத்திக்கு எது நல்லது: தண்ணிச் சாணையா, காய்ந்த சாணையா, கைக்கல்லா?

சாணை பிடித்து வந்த கத்தி சில நாட்களிலேயே மொட்டையானால் சூட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பட்டறையிலுள்ள 150 மி.மீ. காய்ந்த சாணை நிமிடத்துக்கு 2,900 சுற்று அளவில் ஓடும். கல்லின் விளிம்பு செக்கனுக்கு 22 மீற்றருக்கு மேல் போகிறது. கத்தியின் மெல்லிய வாயில் (வெட்டும் விளிம்பில்) உரசும் சூடு பரவ இடமில்லை. இரும்புக் கத்தியில் நீலம் ஓடினால் அந்த இடம் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸைத் தொட்டு, பதம் (இரும்பின் கடினம்) இறங்கிவிட்டது. பிறகு தண்ணீரில் முக்கிப் பலனில்லை. நீலம் முடியும்வரை உரைத்துத் தள்ளத்தான் வேண்டும்.

தண்ணிச் சாணையில் அந்தப் பயமே இல்லை. 250 மி.மீ. கல், நிமிடத்துக்கு 90 சுற்று, விளிம்பின் வேகம் செக்கனுக்கு 1.2 மீற்றர் மட்டும். கல்லின் அடி தொட்டித் தண்ணீரில் தோய்ந்தபடியே சுற்றும். புதுக்கல் தண்ணீரைக் குடிக்கும், ஆகவே தொட்டி இறங்க இறங்க நிரப்புங்கள். கத்தியைக் கல்லில் சாய்க்கும் கோணம் மரக்கறிக் கத்திக்குப் பக்கத்துக்கு 15 பாகை, மீன் முள்ளில் படும் கத்திக்கு 20. ஒரு பக்கத்தை உரைக்கும்போது மறுபக்கம் முழு நீளத்துக்கும் பிசிறு (விளிம்பில் மடியும் மெல்லிய இரும்பு) விரலில் தட்டுப்பட்டால் பக்கத்தை மாற்றலாம். கடைசியாகப் பிசிறை எடுக்கத் தோல் சக்கரம். அது கத்தி வாயைவிட்டு விலகும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்துப் பிடித்தால் தோல்தான் அறுபடும்.

பிழைகள் இரண்டு இடத்தில் வரும். பிடிப் பக்கம் கை தங்கினால் வாயில் குழி விழும். பிறகு பலகையில் நறுக்கிய வெங்காயம் முழுதாக அறாமல் ஒன்றோடொன்று தொங்கும். நுனி கல்லைத் தாண்டிப் போனால் கூர்முனை உருண்டுவிடும். நுனி கல்லின் நடுவுக்கு வந்ததும் தூக்குங்கள்.

வேலை முடிந்ததும் தொட்டியை வெறுமையாக்க வேண்டும். தண்ணீருக்குள் நிற்கும் கல் ஒரு பக்கம் மட்டும் ஊறி, அடுத்த முறை தள்ளாடும். யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வருவதால் தொட்டி அப்படியே காய்ந்தால் வெள்ளைப் படிவும் பிடிக்கும். உவர்த் தண்ணீர்க் கிணறு என்றால் இரும்புக் கத்தியை உடனே துடையுங்கள், துரு காத்திருக்காது.

இவ்வளவும் சொன்னாலும், இரண்டு மூன்று கத்தி உள்ள வீட்டுக்கு அந்த மெசின் வீண் செலவு. 1000 இலக்க நீர்க்கல் (தண்ணீர் விட்டுத் தீட்டும் கைக்கல்) ஒன்று போதும்; இலக்கம் குறையக் கல் சொரசொரப்பாகும். வாய் உடைந்திருந்தால் மட்டும் 220 அல்லது 400. ஊறவைக்கும் வகையென்றால் 10 நிமிடம் தண்ணீரில் போடுங்கள். 45 மி.மீ. அகலக் கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து 12 மி.மீ. உயர்த்தினால் ஏறத்தாழ 15 பாகை. வாயில் மார்க்கர் பேனாவால் பூசிவிட்டு இரண்டு இழுப்பு இழுங்கள்: மை விளிம்பில் மிஞ்சினால் முதுகு தாழ்வு, மேலே மிஞ்சினால் முதுகு உயரம். கல் நடுவில் பள்ளமானால் கண்ணாடியில் சான்ட்பேப்பர் விரித்து மட்டமாக்கலாம்.

சாப்பாட்டுக்கடை, மீன்கடை போல நாளுக்குப் பல கத்தி தீட்டும் இடத்துக்குத் தண்ணிச் சாணை காசுக்குத் தகும். இழுத்துத் தீட்டும் மலிவுக் கருவி வாயைச் சுரண்டிப் பிய்க்கும், அதை விடுங்கள். காய்ந்த சாணை மண்வெட்டிக்கும் கோடாலிக்கும் இருக்கட்டும்.