போரிவலி காட்டில் பத்து வருஷம்: நடை, சைக்கிள், படகு, கொஞ்சம் குதிரை

மும்பையில் மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனில் போரிவலி ஸ்லோ வண்டி பிடித்தால் போதும். கிழக்குப் பக்கம் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் வாசல். 2015 மழைக்காலத்தில் முதலில் போனேன். அன்றிலிருந்து மாதம் ஒரு ஞாயிறாவது போய்விடுவேன். நூறு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான காடு அது. நகரத்துக்குத் தண்ணீர் தரும் விகார், துளசி ஏரிகளும் அதற்குள்தான் இருக்கின்றன. ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் வாசலருகிலேயே சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம்.

என் தேர்வு நடைதான். வாசலிலிருந்து கான்ஹேரி குகைகள் வரை ஏறக்குறைய 6 கிலோமீட்டர், எல்லாமே தார் ரோடு. முதல் பாதி சமமாகப் போகும், கடைசியில் ஏற்றம் காலைப் பிடிக்கும். கிருஷ்ணகிரி என்ற பெயர்தான் மருவிக் கான்ஹேரி ஆனது என்கிறார்கள். நம் தமிழில் சொன்னால் கருமலை. பெயருக்கு ஏற்ற மாதிரி அத்தனையும் பசால்ட் என்கிற கறுத்த எரிமலைப் பாறை. கி.மு. முதல் நூற்றாண்டு தொடங்கி ஆயிரம் வருஷம் போல பௌத்தத் துறவிகள் இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட குகைகளைக் குடைந்திருக்கிறார்கள்.

தென்காசியிலிருந்து வந்திருந்த அப்பாவை ஒரு ஜூலை மாதம் அங்கே கூட்டிப் போனேன். பெரிய புத்தர் சிலைகளை அவர் ஒரு நிமிஷம் பார்த்தார், அவ்வளவுதான். குகை வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றார். "ஏம்மா, இது நம்ம பக்கத்துச் சுனைதானே?" என்று கேட்டார். மலைமேல் விழுகிற மழையைப் பாறையில் வெட்டிய சின்ன வாய்க்கால் வழியாகத் தொட்டிக்கு இறக்கியிருக்கிறார்கள். மழை பெய்யும்போது போனால்தான் அது வேலை செய்வது கண்ணுக்குத் தெரியும். அதனால் யார் கேட்டாலும் ஜூலை, ஆகஸ்டில் போங்கள் என்றுதான் சொல்வேன். பாசி பிடித்த பாறை வழுக்கும், அடியில் நல்ல பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டைப் பைக்குள் மூடி வையுங்கள், பிளாஸ்டிக் கவர் சத்தம் கேட்டாலே குரங்கு வந்துவிடும்.

உள்காட்டுப் பாதைகளுக்கு வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். சிலோண்டா பாதையில் அப்படித்தான் போனேன். ஓடைக்கரை ஈரமண்ணில் பதிந்திருந்த சிறுத்தையின் கால்தடத்தை வழிகாட்டி காட்டினார். பத்து வருஷத்தில் நான் பார்த்தது அந்தத் தடம் ஒன்றைத்தான், சிறுத்தையை அல்ல. குழந்தைகளை நடுவில் விட்டு நடப்பது, இருட்டும் முன் வெளியே வந்துவிடுவது, தனியாகப் போய் எங்கும் குனிந்து உட்காராமல் இருப்பது என்று அன்று அவர் சொன்னதை இன்றுவரை விடாமல் பின்பற்றுகிறேன்.

2016 செப்டம்பரில் கார்வி பூத்தது. நம் குறிஞ்சிக்கு உறவுக்காரச் செடி. குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு முறை என்றால் இது ஏறக்குறைய 8 வருஷத்துக்கு ஒரு முறை பூத்து, விதை விட்டுக் காய்ந்து போகும். சரிவு முழுக்க ஊதா நிறம், அதன்மேல் தேனீக்களின் இரைச்சல். காய்ந்த கார்வித் தண்டுகளை வரிசையாகக் கட்டி, மேலே மண் பூசித்தான் இந்தப் பக்கத்துப் பழங்குடிகளான வார்லி மக்கள் வீட்டுச் சுவர் எழுப்புவார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு வெறும் புதராக அதைப் பார்க்க முடியவில்லை.

சைக்கிள் குளிர்காலத்துக்கு நல்லது. உள்ளேயே வாடகைக்குக் கிடைக்கிறது. டிசம்பர் காலையில் கான்ஹேரி வரை மிதித்துவிட்டுத் திரும்பும்போது இறக்கத்தில் முகத்தில் அடிக்கிற காற்று இருக்கிறதே, அதற்காகவே போகலாம். எடுக்கும்போதே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள், வளைவுகளில் மான் குறுக்கே வரும். ஒரே குறை, வேகத்தில் பறவைச் சத்தம் காதில் விழாது.

மிதிபடகு வாசலுக்குப் பக்கத்துச் சின்ன ஏரியில். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்கு ஒருமுறை போதுமாக இருந்தது.

குதிரைக்கு மும்பைக்குப் பக்கத்து மலையூரான மாத்தேரான் போக வேண்டும். நேரல் வரை லோக்கல் ரயில், அங்கிருந்து மலையேறி தஸ்தூரி நாக்கா. அதற்கு மேல் கார் கிடையாது. செம்மண் பாதையில் குதிரைமேல் போனால் புதர்களுக்கு மேலாகப் பள்ளத்தாக்கு தெரியும், நடந்து போனால் அந்தக் காட்சி கிடைக்காது. என் குதிரை பாதையின் வெளி ஓரமாகவே நடந்தது. பயத்தில் சேணத்தை இறுகப் பிடித்திருந்தேன். "அதன் போக்கில் விடுங்க தீதி" என்றார் குதிரைக்காரர். பிடியைத் தளர்த்தியதும் அதுவும் நிதானமாக நடந்தது.

அப்புறம் ஒரு கோடையில் சேணத்துக்கு அடியில் புண்ணோடு நின்ற குதிரை ஒன்றைப் பார்த்தேன். அன்று ஏறவில்லை. இப்போது முதலில் முதுகையும் குளம்பையும் பார்ப்பேன், வெயில் ஏறும் முன் கிளம்புவேன், கனமான பையைக் குதிரைமேல் ஏற்ற மாட்டேன். மூட்டுவலி உள்ள அத்தையை மட்டும் குதிரையில் அனுப்பிவிட்டு நான் பக்கத்திலேயே நடந்து போகிறேன்.