பினாங்கில் ஒரே நாள்: நாசி கண்டாரா, குவே தியாவா, லக்சாவா?

மலேசியாவின் பினாங்குத் தலைநகரான ஜார்ஜ்டவுனில் ஒரே ஒரு நாள்தான் இருக்கப்போகிறீர்கள் என்றால் எதை முதலில் சாப்பிடுவது? குழம்புச் சோறான நாசி கண்டார், வறுத்த நூடுல்ஸான சார் குவே தியாவ், புளிப்பான மீன் நூடுல்ஸ் சூப்பான அசாம் லக்சா மூன்றுக்குமே அந்த ஊரில் உயிரை விடும் ரசிகர்கள் உண்டு. என் ஓட்டு லக்சாவுக்குத்தான்.

தமிழர்கள் முதலில் தேடிப் போவது பெரும்பாலும் நாசி கண்டாரை. அதில் நியாயம் இருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் ஒரு கம்பின் இரு முனையிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டு, தோளில் சுமந்துபோய்த் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு அது. கேம்பல் தெருவில் ஹமீதியா கடை 1907 முதல் இருக்கிறது. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுக் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். வேண்டியதைக் கை காட்டினால் போதும். பொரித்த கோழி, கணவாய்க் குழம்பு, வெண்டைக்காய், மீன்சினை. அப்புறம் ‘பஞ்சிர்’ என்று சொல்லுங்கள். மூன்று நான்கு குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிச் சோற்றையே மூழ்கடித்துவிடுவார். ருசி அந்தக் கலப்பில்தான் இருக்கிறது. ஒரே குழம்பு போதும் என்பவர்களுக்குப் பாதி நாசி கண்டார்தான் கிடைக்கும். மீன்சினை, பெரிய இறால் இரண்டுக்கும் விலையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பில் ஏறுவது அங்கேதான்.

ஆனால் இந்த ருசி நம் நாக்குக்கு அவ்வளவு அந்நியமில்லை. கோலாலம்பூரிலும் நல்ல நாசி கண்டார் கிடைக்கும்.

சார் குவே தியாவ் முழுக்க முழுக்கச் சமைப்பவரின் கையைப் பொறுத்தது. பட்டையான அரிசி நூடுல்ஸ், இறால், மட்டி, முட்டை, முளைப்பயறு, கூச்சாய் கீரை எல்லாம் கொதிக்கும் சட்டியில் சட்டென்று புரண்டு எழவேண்டும். தட்டுத் தட்டாக வறுக்கும் கடையாகப் பார்த்து உட்காருங்கள். நாலைந்து தட்டுக்குச் சேர்த்துக் கொட்டினால் சட்டியின் சூடு இறங்கிவிடும். நூடுல்ஸ் ஈரம் கட்டும், அந்தப் புகைவாசம் வரவே வராது. சீனக் கடைகளில் பன்றிக் கொழுப்பில் வறுப்பதுதான் வழக்கம். அது வேண்டாதவர்களுக்கு ஹலால் கடைகள் இருக்கின்றன.

சரி, லக்சாவுக்கு வருவோம். சிங்கப்பூர் லக்சாவை நினைத்துக்கொண்டு தேங்காய்ப்பாலைத் தேடாதீர்கள், இதில் துளியும் கிடையாது. கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து, முள் நீக்கி, உதிர்த்துச் சாற்றிலேயே கரைத்துவிடுகிறார்கள். புளிப்புக்குப் புளியோடு, நம் குடம்புளிக்கு உறவான ஒரு காயின் காய்ந்த துண்டுகளும் சேரும். கிண்ணத்தில் தடிமனான அரிசி நூடுல்ஸ். மேலே அன்னாசி, வெள்ளரி, வெங்காயம், மிளகாய், புதினா. பூங்கா காந்தான் என்கிற இஞ்சி இனத்துப் பூமொட்டை மெல்லியதாக அரிந்து தூவுவார்கள். வாசனை முழுக்க அதில்தான்.

கூடவே ஒரு கரண்டியில் ஹே கோ வரும். இறாலில் செய்த, கறுத்துத் திரண்ட, இனிப்பான விழுது. மொத்தத்தையும் ஒரேயடியாகக் கலக்கவேண்டாம். முதலில் சாற்றை அப்படியே நாலு வாய் குடியுங்கள். புளிப்பும் காரமும் மீன்வாசமும் தனித்தனியாகத் தெரியும். பிறகு ஹே கோவைக் கொஞ்சம் கரைத்துப் பாருங்கள், சாறு கனத்து இனிப்பு எழும்பும். புளிக்குழம்பில் வளர்ந்த நாக்குக்கு அந்தப் புளிப்பு உடனே பிடிபடும். பூவும் புதினாவும் அன்னாசியும் அதை எங்கோ கொண்டுபோய்விடும். தெரிந்ததும் தெரியாததும் இப்படி ஒரே கிண்ணத்தில் சேர்வதால்தான் இதற்கு முதலிடம் தருகிறேன். மலேசியாவின் வேறு ஊர்களில் நான் சாப்பிட்ட எந்த அசாம் லக்சாவும் இதன் பக்கத்தில் வரவில்லை.

காலையில் கெக் லோக் சி என்ற புத்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் அப்படியே பக்கத்திலுள்ள ஆயர் ஈத்தாமில் லக்சாவை முடித்துவிடலாம். நாசி கண்டாரை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், இரவெல்லாம் திறந்திருக்கும் கடைகள் உண்டு. இடையில் வயிற்றில் இடமிருந்தால் குவே தியாவ்.

சைவக்காரர்களுக்கு லக்சாவும் குவே தியாவும் சரிப்படாது. நாசி கண்டார் கடையில் காய்கறி கிடைக்கும், ஆனால் ஒரே கரண்டி எல்லாக் குழம்பிலும் போய்வரும். லிட்டில் இந்தியாவில் சைவக் கடைகள் இருக்கின்றன. அங்கே வாழையிலைச் சாப்பாடு நிம்மதியாகச் சாப்பிடலாம்.