கணையப் புற்றுநோய் அறுவை: என்எல்ஆரா, சிஏ 19-9ஆ?

கணையக் கட்டியை வெட்டி எடுத்தபின் ஆயுள் எப்படி இருக்கும் என்று கணிக்க, ரத்தத்தில் பார்க்கும் எண்களில் இவை இரண்டு.

என்எல்ஆர் என்பது ரத்த வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபிலுக்கும் லிம்ஃபோசைட்டுக்கும் உள்ள விகிதம். இதற்குத் தனிப் பரிசோதனை வேண்டாம். அறுவைக்கு முன் எடுக்கும் சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. நியூட்ரோஃபில் 75 சதவீதம், லிம்ஃபோசைட் 15 என்றால் விகிதம் 5. அழற்சி ஓங்கி, கட்டியோடு மல்லுக்கட்டும் அணுக்கள் குறைந்துவிட்டன என்று அதற்குப் பொருள். இது உயர்ந்தவர்களுக்கு ஆயுள் குறைவு என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் எல்லைக்கோடு எது? ஓர் ஆய்வில் 2, இன்னொன்றில் 5. பித்தநாளத் தொற்றோ ஸ்டீராய்டு மாத்திரையோ போதும், எண் எகிறிவிடும். கணையத் தலையில் கட்டி உள்ளவருக்குக் காமாலையும், பித்தம் வடிய வைக்கும் ஸ்டென்ட் குழாயும் சகஜம் என்பதால் இது சின்னச் சிக்கல் அல்ல.

சிஏ 19-9 என்பது கணையப் புற்றுநோயில் ரத்தத்தில் உயரும் ஒரு பொருள். அதற்கு வழக்கமான உச்சவரம்பு மில்லிலிட்டருக்கு 37 யூனிட். அறுவைக்குப் பிறகும் 180-ஐத் தாண்டி நின்றால் நல்லதல்ல. காமாலை இதையும் ஏற்றிவிடும். போதாக்குறைக்கு, லூயிஸ் ஆன்டிஜென் (ரத்த அணுக்களின் மேல் இருக்கும் ஓர் அடையாளப் பொருள்) இல்லாத 5 முதல் 10 சதவீதம் பேருக்கு இது கிட்டத்தட்ட சுரப்பதே இல்லை. அவர்களுக்கு நார்மல் என்று வரும் ரிப்போர்ட்டை நம்பி ஏமாறலாம்.

ஒன்றுதான் என்றால் என் ஓட்டு சிஏ 19-9க்கு, அதுவும் காமாலை வடிந்தபின் எடுத்ததற்கு. லூயிஸ் இல்லாதவர்களுக்கு என்எல்ஆர் கைகொடுக்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்து அறுவையே வேண்டாம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.