நாலாஞ்சடங்கு இரவும் பதினொரு மில்லிமீற்றர்க் கல்லும்

பெறாமகளின் கலியாணத்துக்கென்று மூன்று கிழமை லீவில் மானிப்பாய்க்குப் போனவள், ஐந்தாம் கிழமையில், பித்தப்பை இல்லாமல் கனடாவில் ஸ்காபரோ வந்து சேர்ந்திருக்கிறேன். ஊருக்குப் போக வெளிக்கிடுகிறவர்களில் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய கூறைச் சட்டை எனக்கு ஏறவேணும் என்ற ஆசையில் 7 கிழமையில் 13 கிலோ குறைத்தேன். காலமை ஒன்றுமில்லை, மத்தியானம் ஒன்றுமில்லை, இரவில் ஒரு கோப்பை சூப். கிழமைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் உடம்பு இறங்கினால் பித்தப்பையில் கல் வரக்கூடிய வாய்ப்புக் கூடும் என்று எனக்கு யார் சொன்னது? கட்டுநாயக்காவில் இறங்கினதிலிருந்து கேட்டதெல்லாம், "எடி, மெலிஞ்சு வடிவா வந்திட்டாய்" என்பதுதான்.

கலியாணத்துக்குப் பிறகு வருகிற நாலாஞ்சடங்கு விருந்தில் ஆட்டிறைச்சிப் பிரட்டல், நண்டுக்கறி, எண்ணெய் மிதக்கிற கத்தரிக்காய்ப் பொரியல். ஏழு கிழமைப் பட்டினிக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன். இரவு ஒரு மணிக்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே, கொஞ்சம் வலப்பக்கமாக, ஆரோ உள்ளுக்குக் கைவிட்டு முறுக்கினமாதிரி நோ தொடங்கியது. அது வலது தோள்பட்டைக்குப் பின்னால் போய் நின்றது. படுக்கவும் ஏலாது, இருக்கவும் ஏலாது. அக்கா வாய்வு என்று ஓமத்தண்ணி தந்தா. பெரியம்மா, "எல்லாரும் மெலிஞ்சிட்டாள் மெலிஞ்சிட்டாள் எண்டு பாத்த நாவூறு" என்று செத்தல் மிளகாய் சுத்திப் போட்டா. பிறகு யோசித்தால் மனுசி மெலிவையல்லோ குறி வைத்திருக்கிறா.

1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் காசில்லாமல் அம்புலன்ஸ் வரும். சுவசெரிய சேவை. 2018 யூலையில் யாழ்ப்பாணத்திலும் தொடங்கி வைத்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். அந்த நேரம் எங்கள் ஒருவருக்கும் அது மூளையில் வரவில்லை. மருமகன்காரன் காரில் ஏற்றி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டான்.

அங்கே முதலில் ஈசீஜி எடுத்தார்கள். அது சரியான வேலை. நாற்பது தாண்டினவர்களுக்கு மேல்வயிறு நொந்தால் மாரடைப்பும் அந்த வேஷத்தில் வரும். ஊசி போட்டார்கள். விடிய ஐந்து மணிபோல் நோ விட்டுவிட்டது. "காஸ்ரைற்றிஸ்" (இரைப்பை அழற்சி) என்று சொல்லி, வெறுவயிற்றில் போடச் சொல்லி ஒரு குளிசையும் தந்து அனுப்பினார்கள். ஸ்கேன் பார்க்கிறவர் ஒன்பது மணிக்குத்தான் வருவாராம். "இருந்து பாத்திட்டுப் போங்கோ" என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் திரும்ப அதே நோ. இந்தமுறை எட்டு மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்து ஸ்கேன் செய்தேன். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், வெறுவயிற்றில்தான் நிரம்பி நின்று கல்லைக் காட்டும். துண்டில் "பல கற்கள், பெரியது 11 மில்லிமீற்றர்" என்று இருந்தது. நான் அதை வாசித்து முடிக்கமுன்னம் கவுண்டரில் இருந்த பிள்ளை ஒப்பரேசனுக்கான மொத்த விலை எழுதின கடதாசியை நீட்டி, "நாளைக்கே செய்யலாம் அன்ரி" என்றது.

அன்று பின்னேரம் மச்சாள் வந்தா. முப்பது வருசம் பெரியாஸ்பத்திரியில் மிஸ்ஸியாக (தாதியாக) இருந்து ஓய்ந்தவ. துண்டைப் பார்த்தா, விலைக் கடதாசியையும் பார்த்தா. "உனக்கு என்ன வருத்தம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, விலையை மட்டும் சொல்லிப்போட்டினம். வா, ஒரு சேர்ஜனைச் சனல் பண்ணுவம்" என்றா.

சனலிங் தெரியாதவர்களுக்கு: பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கிற பெரிய வைத்தியர்கள் பின்னேரங்களில் தனியார் இடங்களில் பார்ப்பார்கள். போனில் அடித்து நம்பர் எடுக்கவேணும். என் நம்பர் 27. ஆறு மணி என்றார்கள், உள்ளே போனபோது ஒன்பதரை. பிளாஸ்ரிக் கதிரை, சுத்துகிற ஆனால் காத்து வராத பான், மடியில் ஸ்கேன் துண்டோடு சனம். காத்திருக்கிறது பஞ்சி என்றால் ஒரு புத்தகம் கொண்டுபோங்கோ.

ஆனால் உள்ளே இருந்த பதினைந்து நிமிசத்துக்காக நான் இன்னும் மூன்றரை மணித்தியாலம் இருந்திருப்பேன். டொக்டர் மருந்துத் துண்டைத் திருப்பி வைத்துக்கொண்டு படம் கீறினார். மேலே ஈரல். அதுக்குக் கீழே சின்னக் கத்தரிக்காய் மாதிரி ஒரு பை. "பித்தத்தைச் செய்யிறது ஈரல். இந்தப் பை அதைச் சேத்து வைச்சுத் தடிப்பாக்கிறது மட்டும்தான். கொழுப்புச் சாப்பாடு இறங்கினவுடன பை சுருங்கும். அப்ப கல்லு வந்து வாயில செருகினால் அதுதான் உங்கட நோ. கல்லு பின்னுக்கு விழுந்தால் நோ மாறியிடும்." அன்று விடிய ஐந்து மணிக்கு நடந்ததும் அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு பயப்படவேண்டியதைச் சொன்னார். நோ ஆறு மணித்தியாலத்தைத் தாண்டி, காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் பை அழன்றுவிட்டது என்று அர்த்தம். கண் மஞ்சளாகி, சலம் (சிறுநீர்) கறுத்த பிளேன்ரீ மாதிரிப் போனால் கல் பித்தக்குழாய்க்குள் இறங்கிவிட்டது, அதை வாய்வழியாகக் குழாய்க் கமெரா விட்டு எடுக்கவேணும். முதுகுக்கு ஊடுருவுகிற நோவும் நிற்காத சத்தியும் (வாந்தியும்) என்றால் கணையம், அதில் உயிரே போகலாம். எனக்கு இரத்தத்தில் ஈரல் சோதனை சரி, குழாயும் வீங்கவில்லை.

இருபத்திரண்டு வருசமாகக் கனடாவில் என் வருத்தங்களை மகள்தான் எனக்குத் தமிழில் சொல்லியிருக்கிறாள், பாதியை விழுங்கிவிட்டு. ஒரு வைத்தியர் நேரே என் பாஷையில் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல்தரம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஷ் கிறீன், அக்கா வீடு இருக்கிற இதே மானிப்பாயில் தமிழிலேயே பெடியளுக்கு மேலைநாட்டு வைத்தியம் படிப்பித்தவர், பாடப்புத்தகங்களைத் தமிழாக்கினவர். அவர் பெயரில் ஆஸ்பத்திரி இன்னும் இருக்கு. சின்ன வயதில் அதைத் தாண்டித்தான் கடைக்குப் போவேன், ஒருநாளும் நின்று யோசித்ததில்லை.

"குளிசையில கரைக்கேலாதோ?" என்று கேட்டேன். கரைக்கிற மருந்து இருக்காம், ஆனால் சின்ன, கொழுப்பாலான கல்லுக்கு மட்டும், ஆறு மாதம் தொடக்கம் இரண்டு வருசம் வரைக்கும் போடவேணும். கரைந்தவர்களிலும் பாதிப்பேர்வரைக்கு ஐந்து வருசத்துக்குள் திரும்ப வரும். சிறுநீரகக் கல்லை அதிர்வு கொடுத்து உடைக்கிறமாதிரி இதை உடைத்தால் துண்டுகள் போய்ப் பித்தக்குழாயை அடைக்கும், அதனால் அதைச் செய்கிறது அரிது.

இரண்டையும் நாங்கள் "கல்லு" என்று ஒரே பெயரில் கூப்பிடுவதால் வந்த வினை இது. எனக்குக் கல் என்று ஊரில் தெரிந்ததும் வாழைத்தண்டுச் சாறு மூன்று வீட்டிலிருந்து வந்தது. சலத்தோடு போகிறது சிறுநீரகக் கல், பித்தப்பைக்கும் சலத்துக்கும் பாதையே இல்லை. வட்சப்பில் ஒலிவ் எண்ணெயும் தேசிக்காய்ப் புளியும் குடித்துக் "கல்லை வெளியேற்றின" வீடியோ வந்தது. வெளியே வருகிற பச்சை உருண்டைகள் அந்த எண்ணெய் வயிற்றுக்குள் சவர்க்காரமாகித் திரண்டதுதான். அவ்வளவு எண்ணெய் குடித்தால் பை சுருங்கி அடுத்த நோவை நீங்களே கூப்பிட்ட மாதிரி.

ஒப்பரேசனில் கல்லை மட்டும் எடுக்கமாட்டார்கள், பையோடு எடுப்பார்கள். பை இருந்தால் திரும்பவும் கல் விளையும். 1882இல் பேர்லினில் லாங்கன்புக் என்ற சேர்ஜன் முதன்முதலாகப் பையை எடுத்ததும் அந்த நியாயத்தில்தான். வயிற்றைக் கிழிக்காமல் துளைவழியாக எடுத்தது 1985இல், அதுவும் ஜேர்மனியில்.

டொக்டர் அவசரப்படுத்தவில்லை. "கொழுப்பைக் குறைச்சுக்கொண்டு அங்க போயும் செய்யலாம், ஆனால் பிளேனுக்குள்ள நோ வந்தால் யோசியுங்கோ" என்றார். நான் இன்சூரன்சுக்கு அடித்தேன். அவசரச் சிகிச்சைக்குத்தான் காசு, திரும்பி வந்து செய்யக்கூடியதுக்கு இல்லை என்றார்கள். முதல் இரவுப் பில்லுக்கும், போன மாரியில் குடும்ப வைத்தியரிடம் "நெஞ்செரிவு" என்று சொன்னதைக் கிண்டி எடுத்து இன்னும் இழுக்கிறார்கள். போகமுன்னம் உங்கள் வைத்தியக் கோப்பில் என்ன எழுதியிருக்கு என்று பாருங்கோ.

இங்கே வந்தால் மாதக்கணக்கில் வரிசை, கவனிக்க அக்காவும் இல்லை. ரிக்கற்றைத் தள்ளிப்போட்டேன். அதே சேர்ஜன், வேறொரு ஆஸ்பத்திரி. கையெழுத்து வைக்கமுன்னம் பித்தக்குழாயில் காயம் படக்கூடும், ஆயிரத்தில் மூன்று நாலு பேருக்கு என்றார். துளையில் முடியாவிட்டால் வெட்டித்தான் எடுக்கவேணும் என்று மறைக்காமல் சொன்னார். நாலு துளை, ஒரு மணித்தியாலம், ஒரு இரவு. வயிற்றைவிடத் தோள்தான் இரண்டு நாள் நொந்தது, வயிற்றை ஊதப்பண்ண விடுகிற வாயுவால். மொத்தப் பில் ஸ்காபரோவில் நான் கட்டுகிற ஒரு மாத வாடகையிலும் குறைவு. பன்னிரண்டாம் நாள் பிளேன் ஏறினேன். வெளிக்கிடமுன்னம் டயக்னோசிஸ் காட் (என்ன வருத்தம், என்ன செய்தது என்று ஆஸ்பத்திரி எழுதித் தருகிற துண்டு), ஸ்கேன் துண்டு, விபரமான பில், பையைச் சோதித்த அறிக்கை எல்லாவற்றிலும் முத்திரை குத்தி வாங்குங்கோ. கையெழுத்து விளங்காவிட்டால் அங்கேயே கேட்டுவிடுங்கோ.

என்னைப் பார்த்துப் பயந்து அக்காவும் ஸ்கேன் செய்தா. ஒற்றைக் கல், ஒருநாளும் நொந்ததில்லை. கல் இருக்கிறவர்களில் கனபேருக்கு அது ஒருநாளும் வாய் திறக்காது, தொடத் தேவையில்லை என்று டொக்டர் அனுப்பிவிட்டார். அக்காவுக்கு அதில் திருப்தியே இல்லை. "சனலுக்குக் காசும் குடுத்து, ஒண்டும் செய்யாமல் வந்திருக்கிறன்" என்று இப்பவும் போனில் புறுபுறுக்கிறா. என்ர கற்களைச் சின்னப் போத்தலில் போட்டுத் தந்தவை. அதைச் சாமியறைத் தட்டில் வைத்திருக்கிறா. "பித்தப்பை போட்டுது, இனியாவது உன்ர பித்தம் தெளியுதோ பாப்பம்" என்றுவிட்டு, எனக்கு வந்த வாழைத்தண்டுச் சாற்றை ஒவ்வொரு காலமையும் தானே குடிக்கிறாவாம்.