2009-10 சீசன்: கிம் யுனாவா, மாவோ அசாடாவா?

பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் (பனித்தளத்தில் சறுக்கியபடி ஆடும் போட்டி) அந்த சீசனின் சிறந்தவர் யார்? என் கணக்கில் தென் கொரியாவின் கிம் யுனாதான் முதலிடம், ஆனால் ஜப்பானின் அசாடாவை லேசாகத் தள்ளிவிட முடியாது. வான்கூவர் ஒலிம்பிக்கில் மூன்று டிரிபிள் ஆக்சல் போட்டுக் காட்டியவர் அவர். முன்னோக்கிப் பாய்ந்து காற்றில் மூன்றரைச் சுற்று, அந்தக் காலத்தில் பெண்களில் யார் அதை நம்பிப் போட்டார்கள்? யுனாவிடம் அந்த ஜம்ப் கிடையாது. ஆனால் அவருடைய டிரிபிள் லட்ஸ்-டிரிபிள் டோ லூப் ஜோடியை (அடுத்தடுத்து இரண்டு மூன்று-சுற்று ஜம்ப்) பாருங்கள், வேகம் கொஞ்சமும் குறையாமல் உள்ளே போய் அதே வேகத்தோடு வெளியே வருவார், நடுவர்கள் தரத்துக்கான கூடுதல் புள்ளியை அள்ளிக் கொடுத்தது அதற்குத்தான். வான்கூவரில் மொத்தப் புள்ளிகள் யுனாவுக்கு 228.56, அசாடாவுக்கு 205.50, பெரிய இடைவெளி. சரி, அடுத்த மாதமே டூரின் உலகப் போட்டியில் அசாடா ஜெயித்தார். அங்கேயும் ஷார்ட் புரோகிராமில் (முதலில் வரும் குறுகிய சுற்று) ஏழாவது இடத்துக்குச் சரிந்த யுனா வெள்ளிவரை ஏறி வந்தாரே!