பிச்சாவரம் துடுப்பு போட் சவாரி: மோட்டார் போட்ட விட்டுட்டு இதுல போங்க, அதுவும் காலைலயே போங்க

சிதம்பரம் பக்கத்துல இருக்குற பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு, அதாவது கடலோரம் உப்புத் தண்ணில வளர்ற மரக்காட்டுக்கு, நான் போனது இது ரெண்டாவது தடவை, முதல் தடவை ஒரு டூர் வேன்ல கூட்டமா போனோம், மத்தியானம் வெயில்ல இறக்கி விட்டு மோட்டார் போட்ல ஏத்தி பெரிய வாய்க்கால்ல ஒரு சுத்து சுத்திட்டு கொண்டாந்து விட்டுட்டாங்க, ரெண்டு பக்கமும் பச்சையா ஏதோ இருந்துச்சுன்றத தவிர எதுவுமே மனசுல நிக்கல. இந்த தடவை பொங்கல் முடிஞ்சு ஜனவரி கடைசில நான், வீட்டுக்காரர், எட்டாவது படிக்கிற பொண்ணு மூணு பேர் மட்டும் போனோம், துடுப்பு போட் எடுத்தோம். எங்களுக்கு இது அஞ்சுக்கு அஞ்சு.

ஒரு விஷயம் நாங்க செஞ்சது எல்லாரையும் செய்ய சொல்லுவேன். முதல் நாள் சாயங்காலம் காட்டுமன்னார்கோவில், லால்பேட்டை பக்கம் போய் வீராணம் ஏரிய பாத்துட்டோம். பராந்தக சோழன் காலத்து ஏரி, கரைல நின்னா எதிர்க்கரை ஏதோ கோடு மாதிரி தான் தெரியுது. அது முழுக்க நல்ல தண்ணி. கரையோரம் ஆழம் கம்மியான இடத்துல கோரையும் புல்லும் வேர் பிடிச்சு நிக்குது, கொக்கு நாரை எல்லாம் அந்த ஓரத்துல தான், நடுவுல வேர் பிடிச்ச செடி எதுவும் கிடையாது, தண்ணில மிதக்குற கண்ணுக்கு தெரியாத பாசி தான் அங்க எல்லாத்துக்கும் சாப்பாடு, அடில சேத்துல புழு, நத்தை. ஒரே ஏரி தான், ஆனா ஓரம், நடு, அடி மூணுலயும் இருக்குற உயிரெல்லாம் வேற வேற. பொண்ணுக்கு பாடத்துல மண்டலம் மண்டலமா படம் போட்டு வச்சிருக்கு, அவ மனப்பாடம் பண்ணிருந்தா, கரைல நின்னு பாத்தப்புறம் தான் "ஓ இதுதானாம்மா அது"ன்னா.

ஏன் வீராணம்னா, அங்க வர்ற தண்ணி கொள்ளிடத்துல கீழணைல இருந்து வடவாறு வழியா வர்றது. அதே கொள்ளிடம் மிச்ச தண்ணியோட போய் கடல்ல சேர்ற இடத்துக்கு பக்கத்துல தான் பிச்சாவரம். வடக்கால வெள்ளாறு முகத்துவாரம், தெக்கால கொள்ளிடம் முகத்துவாரம், நடுவுல இந்த காடு. அப்ப ஒரே ஆத்துத் தண்ணி ஒரு பக்கம் ஏரியா நிக்குது, இன்னொரு பக்கம் உப்போட கலக்குது, ரெண்டையும் அடுத்தடுத்த நாள் பாத்தா தான் வித்தியாசம் மண்டைல ஏறும்.

சரி சவாரிக்கு வர்றேன். காலைல சீக்கிரமே போட் ஹவுஸ் போயிட்டோம், சிதம்பரத்துல இருந்து சுமார் 15 கிலோமீட்டர் தான். எங்களுக்கு வந்த படகோட்டி அண்ணன் கிள்ளை பக்கத்து ஆளு, சின்ன வயசுல இருந்து இதே தண்ணில தான் இருக்காராம். ஏறுன உடனே நான் சொன்னேன், "அண்ணே எங்களுக்கு அவசரம் இல்ல, போட்டோ எடுக்கவும் வரல, நீங்க நிறுத்தி நிறுத்தி காட்டுங்க"ன்னு. அவரு மூஞ்சில ஒரு சந்தோஷம் பாக்கணுமே. அதுக்கப்புறம் அவரு காட்டுனதெல்லாம் நான் காலேஜ்ல படிச்சிருந்தா கூட தெரிஞ்சிருக்காது.

முதல்ல தண்ணிய தொட்டு நாக்குல வச்சு பாக்க சொன்னாரு, கரிச்சது ஆனா கடல் அளவுக்கு இல்ல. கடல் தண்ணில லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. இங்க அது வருஷம் பூரா ஒரே அளவுல நிக்காது, ஐப்பசி கார்த்திகை மழைல வெள்ளம் வந்தா கிட்டத்தட்ட நல்ல தண்ணி ஆயிடும், சித்திரை வெயில்ல கடலுக்கு சமமா ஏறிடும், இது போக தினமும் கடல் தண்ணி ரெண்டு தடவை ஏறும் (ஏத்தம்), ரெண்டு தடவை இறங்கும் (வத்தம்). அவ்வளவு மாத்தத்தையும் தாங்குற மரமும் மீனும் தான் இங்க இருக்க முடியும்.

அப்புறம் அவரு குறுகலான வாய்க்காலுக்குள்ள விட்டாரு, ரெண்டு பக்கமும் கிளை தலைய தட்டுது, மோட்டார் போட் இதுக்குள்ள வரவே முடியாது. தண்ணி ஓரத்துல முதல் வரிசைல நிக்கிறது சுரபுன்னை, ரைசோஃபோரா, குடை கம்பி மாதிரி வளைஞ்சு வளைஞ்சு சேத்துல ஊனி நிக்கிற தாங்கு வேர் இதுக்கு தான். மரத்துலயே விதை முளைச்சு முருங்கைக்காய் மாதிரி நீளமா தொங்குது, கீழ விழுந்தா சேத்துல குத்தி நின்னுக்கும், இல்லன்னா மிதந்து போய் வேற எடத்துல வேர் விடும். அந்த வரிசைக்கு பின்னாடி வெண்கண்டல், அவிசீனியா, இந்த காட்டுல அதிகமா இருக்குறதே இது தான். அதோட மூச்சு வேர் சேத்துல இருந்து பென்சில் நட்டு வச்ச மாதிரி ஆயிரக்கணக்குல மேல நீட்டிட்டு இருக்கு, சேத்துக்குள்ள காத்தே கிடையாதே, அதனால வெளிய வந்து மூச்சு விடுது. அண்ணன் ஒரு இலைய திருப்பி காட்டுனாரு, உப்பு பொடி மாதிரி ஒட்டியிருந்துச்சு, உறிஞ்சுன உப்ப இலை வழியா வெளிய தள்ளுது. சுரபுன்னை அப்படி இல்ல, வேர்லயே பெரும்பாலான உப்ப வடிகட்டி நிறுத்திடும். அதுக்கும் பின்னாடி மேடா இருக்குற இடத்துல மரம் குறைஞ்சு உமரி செடி தரையோட படர்ந்து கிடக்கு. ஏத்தத் தண்ணி எவ்வளவு நேரம் நிக்குதுன்றத வச்சு தான் இந்த வரிசையே, போட்ல உக்காந்த இடத்துல இருந்தே இத பாத்துடலாம், இதுக்கே குடுத்த காசு சரியா போச்சு.

தில்லை மரமும் காட்டுனாரு, ஆனா தொட விடல, பால் கண்ணுல பட்டா பார்வையே போயிடும்னாரு. சிதம்பரத்துக்கு தில்லைன்னு பேரு வந்த மரம், கோயிலோட தல விருட்சம், இப்ப ஊருக்குள்ள பாக்கவே முடியல, இங்க வந்து தான் பாக்கணும். எனக்கு அந்த மரத்துக்கு முன்னாடி கொஞ்ச நேரம் பேச்சே வரல.

தண்ணி கலங்கலா இருக்கேன்னு வீட்டுக்காரர் கேட்டாரு. நல்லா தெளிஞ்ச நடுக்கடல்ல வெளிச்சம் 200 மீட்டர் வரைக்கும் போகும்னு சொல்லுவாங்க, இங்க துடுப்ப ஒரு முழம் இறக்குனாலே மறைஞ்சு போகுது. வெளிச்சம் உள்ள போகலன்னா தண்ணிக்குள்ள பாசி அவ்வளவா வளராது, அப்ப மீனு எத தின்னுதுன்னா, விழுற இலைய. இலை அழுகி அதுல பாக்டீரியா, பூஞ்சை வளந்து அத நண்டும் இறாலும் தின்னு, அதுங்கள மீன் தின்னு, அப்படித்தான் இங்க சாப்பாட்டு சங்கிலியே ஓடுது. வெள்ளை இறால் கடல்ல முட்டை விட்டாலும் குஞ்சு வளர்றது இந்த வேருக்குள்ள தான், மடவை, கொடுவா எல்லாம் இங்க வந்து போறதுங்க. இந்த காடு இல்லன்னா வெளிய கடல்ல வலை போடுறவங்க கையும் காலியா தான் வரும். வழில இருளர் சனங்க இடுப்பளவு தண்ணில குனிஞ்சு வெறுங்கையால தடவி இறால் பிடிச்சுட்டு இருந்தாங்க, பிடிச்சத பல்லுல கடிச்சுட்டு இருக்குற ஓலைப் பறில, அதாவது ஓலைக் கூடைல, போடுறாங்க. அவங்கள போட்டோ எடுக்காம கடந்து போங்க, வேலை செய்றவங்க.

காடு எப்பவும் இப்படி இருந்ததில்ல. அந்த காலத்துல விறகுக்காக பகுதி பகுதியா மொட்டையா வெட்டிருக்காங்க, வெட்டுன இடத்துல வெயில் பட்டு தரை அமுங்கி குழி ஆயி, ஏத்தத்துல வந்த தண்ணி திரும்பி போக முடியாம தேங்கி உப்பு கூடிப்போய் எதுவுமே முளைக்கல. 1990கள்ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் சனங்களும் சேந்து மீன் முள்ளு மாதிரி பெரிய வாய்க்கால், அதுல இருந்து கிளை வாய்க்கால்னு வெட்டி, ஏத்தத் தண்ணி வந்து போற மாதிரி பண்ணி கன்னு நட்டாங்க. தண்ணி ஓட ஆரம்பிச்சதும் மரம் வந்துருச்சு. 2004 டிசம்பர் 26 சுனாமி அப்ப இந்த காட்டுக்கு பின்னாடி இருந்த ஊருங்கள்ல சேதம் கம்மியா இருந்துச்சு, திறந்த கடற்கரைல இருந்தவங்களுக்கு அப்படி இல்ல. அண்ணன் அத சொல்றப்ப துடுப்ப நிறுத்திட்டு தான் சொன்னாரு. 2022ல ராம்சார் பட்டியல்லயும், அதாவது உலக அளவுல முக்கியமான ஈர நிலங்களோட பட்டியல்லயும், சேத்துட்டாங்க. ஆனா மேல இருந்து வர்ற நல்ல தண்ணி குறைய குறைய உப்பு தாங்குற வெண்கண்டல் மட்டும் தான் கூடிட்டு போகுதுன்னு சொல்றாங்க, அது எனக்கு கவலையா தான் இருக்கு.

போறவங்களுக்கு: தொப்பி, தண்ணி கொண்டு போங்க, பாட்டில திரும்ப கொண்டு வாங்க, மூச்சு வேருக்கு நடுவுல சிப்ஸ் கவர் மாட்டி கிடந்தத பாத்து பொண்ணு அழுதே போயிட்டா, அண்ணன் ரெண்டு மூணு கவர துடுப்பால எடுத்து போட்லயே போட்டுக்கிட்டாரு. முடிஞ்சா வத்த நேரமா பாத்து போங்க, அப்ப தான் சேறு வெளிய தெரியும், ஒத்தை கொடுக்கு மட்டும் பெருசா இருக்குற குட்டி நண்டும் சேத்துல தாவுற மீனும் வெளிய வரும். சத்தம் போடாதீங்க, பறவை பறந்துடும். படகோட்டிக்கு கையில கொஞ்சம் கூட குடுங்க, வெயில்ல ரெண்டு கையாலயும் தள்ளிட்டே இவ்வளவும் சொல்றாரு.

அடுத்து கார்த்திகை வெள்ளம் வடிஞ்சதும் ஒரு தடவை போறோம், அதே வாய்க்கால்ல அதே இடத்துல தண்ணிய தொட்டு நாக்குல வச்சு பாக்கணுமாம், பொண்ணு இப்பவே அண்ணன்கிட்ட சொல்லி வச்சுட்டு வந்துருக்கா.