பழைய படத்தில் கறுப்புப் பட்டை: அப்படியே விடுவதா, திரையை நிரப்புவதா?

இன்றைய டிவி திரையின் அகல-உயர விகிதம் 16:9. 1950களின் தொடக்கம் வரை எடுக்கப்பட்ட படங்கள் பெரும்பாலும் 1.37:1, அதாவது ஏறக்குறைய 4:3. குறுகிய படம் அகலத் திரையில் உட்காரும்போது பக்கங்களில் இடம் மிஞ்சும்; அதுதான் கறுப்புப் பட்டை. 1920 × 1080 திரையில் 4:3 படத்துக்குப் பக்கத்துக்கு 240 பிக்சல். பட்டை எதையும் மறைக்கவில்லை. அங்கே படமே கிடையாது.

உருவம்
பட்டையோடு: வட்டம் வட்டமாகவே இருக்கும்.
இழுத்து நிரப்பினால்: அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடும். முகம் உப்பும், சக்கரம் முட்டையாகும்.

காட்சி
பட்டையோடு: ஒளிப்பதிவாளர் வைத்த சட்டகம் முழுதாக வரும்.
ஜூம் செய்தால் (அகலம், உயரம் இரண்டையும் ஒரே அளவில் பெரிதாக்கினால்): உயரத்தில் கால்பங்கு போய்விடும். நெற்றி வெட்டுப்படும், நடனத்தில் பாதம் காணாமல் போகும், சப்டைட்டிலும் சில சமயம் மறையும். பெரிதாக்குவதால் தெளிவும் குறையும்.

திரை ஆயுள்
எல்சிடியில் கவலையில்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடியில் மட்டும், தினமும் பல மணி நேரம் 4:3 ஓடினால் நடுப்பகுதி கூடுதலாகத் தேயலாம். எப்போதாவது ஒரு படம் பார்ப்பவர் இதற்காக உருவத்தைக் கெடுக்க வேண்டாம்.

படத்தை ரசிக்க உட்கார்பவருக்குப் பட்டைதான் சரி: டிவி மெனுவின் பிக்சர் சைஸில் 4:3 அல்லது ஒரிஜினல். சின்னத் திரையில், தூரத்திலிருந்து செய்தித் துணுக்கு பார்ப்பவர் ஜூம் வைத்துக்கொள்ளலாம். இழுப்பது யாருக்கும் வேண்டாம்.

நான்கு பக்கமும் பட்டை வந்தால், ஒளிபரப்பிலேயே பட்டை சேர்ந்திருக்கும். அங்கே ஜூம்தான் மருந்து.